சட்டை ஒன்று, ஆட்சேபம் இல்லை

மஹல்லா,
3 டிசம்பர் 1969

டேய் பயூமி,

முதல்ல பார்சலைப் பிரி, அப்புறம் கடிதத்தைப் படி. இல்லேன்னா உன் படைப் பசங்க கஹ்க் பிஸ்கட்டை எல்லாம் முழுங்கிட்டு, மேலே தூவின சர்க்கரையை மட்டும் லெப்டினன்ட் ஐயா உனக்கு மிச்சம் வைப்பாங்க. அம்மா நாலு நாளா அடுப்பை விட்டு நகரலை. நமக்கு ரமலான் நோன்பு, ருசி பார்க்க முடியாது. பக்கத்து வீட்டு மார்த்தாவைக் கூப்பிட்டா அவளுக்கும் இப்ப கிறிஸ்துமஸ் நோன்பாம், நெய் வாயில படக்கூடாதாம். ஆக இந்தத் தெருவில ஒரு ஜீவன்கூட ருசி பார்க்காத பிஸ்கட் இது. இனிப்பு கூடக் குறைய இருந்தா வாயை மூடிக்கிட்டு தின்னு.

அம்மா வேற என்னென்னவோ திணிச்சா. உள்பனியன், எலுமிச்சை ஊறுகாய், சலவைச் சாமான் ஒரு மூட்டை. "ஈத் அன்னைக்குப் பசங்க பளிச்சுனு நிக்கட்டும்"ன்னா. எல்லாத்தையும் அடுக்கி மெழுகுத் துணியில வெச்சுத் தைச்சது நான். என் விரலைப் பார்த்தா அழுதுடுவே. எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு ஊர் முழுக்க ஜன்னல் கண்ணாடிக்கு நீலம் கரைச்சுப் பூசியாச்சு. பகல்லயே வீட்டுக்குள்ள மீன் தொட்டி மாதிரி இருக்கு. ஊசியில நூல் கோர்க்கறதுக்குள்ள உயிர் போயிடுது.

உங்களுக்கு வந்திருக்கிற புதுச் சட்டைத் துணிக்கு எப்படி டிசைன் போட்டேன்னு கேட்டிருந்தே. சொல்றேன், கேட்டுக்கோ. மில்லுல துணிக்குப் பூ வரையறவங்கிறதால சும்மா "பூக்காரி"ன்னு கேலி பண்ணாதே.

இதுக்கு முன்னாடி நீங்க போட்டிருந்தது வெளிநாட்டுத் துணி. பச்சை இலை, பழுப்பு இலை. தினம் மழை பெய்யுற ஏதோ ஊர்க் காட்டுக்கு வரைஞ்சது. நீங்க காவல் இருக்கிற கால்வாய்க் கரையில எந்த மரத்துலடா அந்த இலை காய்க்குது? அதைப் போட்டுக்கிட்டு மணல் மேட்டுல படுத்தா கறிகாய்க் கடை மாதிரிதான் இருக்கும். அதை நான் மில்லுல சொன்னேன். "நீயே ஒண்ணு போடேன்"னு மேனேஜர் நக்கலா சொன்னார். போட்டுட்டேன்.

துணி அச்சடிக்கப் புது உருளை செதுக்கச் செம்பு கிடையாது. கிடங்குல தேஞ்சு கிடந்த பழைய படுக்கை விரிப்பு உருளைங்களைத்தான் கொடுத்தாங்க. நம்ம வீட்டுல கிடந்துச்சே, பெரிய ரோஜாப்பூ விரிப்பு, அதே உருளை. செம்புல செதுக்கினதை அழிக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும். அதனால இதழுக்கும் இதழுக்கும் நடுவுல இருந்த இடத்தை நிரப்பினேன், ரெண்டு பூவை ஒண்ணாக் கலக்கினேன். கடைசியில பூ போயிடுச்சு, பூவோட நிழல்தான் மிச்சம். இலையை வரையலைடா நான், நிழலை வரைஞ்சேன்.

மனுஷனை நாம எதை வெச்சு மனுஷன்னு கண்டுபிடிக்கிறோம்? தோள் கோடு, கழுத்து, ரெண்டு காலுக்கு நடுவுல தெரியுற வெளிச்சம். அதை உடைக்கணும். தூரத்துல பார்க்கிறவனுக்குப் பெரிய திட்டு, கிட்டத்துல பார்க்கிறவனுக்குச் சின்னப் பொடி. உருளை ஒரு சுத்து சுத்தினா அதே உருவம் திரும்ப வரும், கண்ணு அதைத்தான் டக்குனு பிடிக்கும். அதனால திட்டுங்களை விளிம்பு தாண்டி ஒண்ணோட ஒண்ணு கோர்த்துவிட்டேன். எங்கே ஆரம்பம், எங்கே முடிவுன்னு எனக்கே தெரியாது. நிறம் மூணும் நீ டப்பாவில அனுப்பின மண்ணுதான்: மேட்டு மணல், உப்புச் சேறு, புதருக்கு அடியில இருந்த மண்.

கெய்ரோவில ராணுவத் துணிக் கமிட்டிக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? துணியை வாங்கி அறையில இருந்த பச்சைக் கம்பளத்துல விரிச்சாங்க. கர்னல் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு "நல்லாத் தெரியுதேம்மா"ன்னார். "ஐயா, கம்பளத்து மேல யாரும் சண்டை போடப் போறதில்லையே"ன்னேன். மேனேஜர் என் காலை மிதிச்சார். எப்படியோ உங்க ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்னு முடிவாச்சு. பிப்ரவரியில தீர்ப்பு. பிடிச்சா படை முழுக்க. பிடிக்கலேன்னா மறுபடியும் வெளிநாட்டு இலை, நான் மறுபடியும் தலையணை உறைக்கு மல்லிப்பூ.

அதனால ஒழுங்கா ஒளிஞ்சுக்கோ. என் மானம் உன் முதுகுல இருக்கு.

அக்கா
இன்ஷிராஹ்


இஸ்மாயிலியா பக்கம்,
12 டிசம்பர் 1969

அக்காவுக்கு,

ஈத் வாழ்த்து. அம்மா கையை என் சார்புல கண்ணுல ஒத்திக்கோ. பிஸ்கட்டுல இனிப்பு ஏகத்துக்கு, ஆனா ஒருத்தனும் புகார் பண்ணலை, பேசறதுக்கு வாய் காலியா இருந்தாத்தானே.

உன் துணியைப் பத்தி. பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. தஸூக்கின்னு ஒருத்தன், தந்தா ஊர், பஸ் கண்டக்டரா இருந்தவன். பதுங்கு குழியில நெருக்கடி வந்தா "தந்தா, தந்தா! உள்ள தள்ளிப் போங்க சார், பின்னாடி காலியா இருக்கு!"ன்னு கத்துவான். குண்டு விழுற நேரத்துலயும் சிரிப்பு வந்துடும். அவன் சட்டையை வெளிச்சத்துல பிடிச்சு, தலைகீழாத் திருப்பி, "லெப்டினன்ட் ஐயா, இது ரோஜா! என் முதுகுல கல்யாணப் படுக்கை!"ன்னான். அன்னையிலேருந்து எங்க பிரிவுக்கு மாப்பிள்ளைப் படைன்னு பேர். சந்தோஷம்தானே?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். மேட்டுல படுத்திருந்த என் ஆள் மேல நானே தடுக்கி விழுந்தேன், நல்லா வெயில் அடிக்கிற நேரத்துல. பூக்காரி வேலை பரவாயில்லை.

அம்மா அனுப்பினது எதுவும் வீணாகலை. ஈதுக்கு முந்தின நாள் எல்லாச் சட்டையையும் டின்னுல ஊற வெச்சு, துவைச்சு, அலசி, அம்மா முறைப்படியே எல்லாம் பண்ணினோம். இஸ்திரிக்குத் தணல் போட்ட டின்னு. நான்தான் முன்னாடி நின்னு பண்ண வெச்சேன். கால்சட்டையை நிறுத்தி வெச்சா ஆள் இல்லாமலே நிக்குது! தொழுகைக்கு வரிசையா நின்னப்ப பக்கத்துப் பிரிவுக்காரன் வயிறு எரிஞ்சான். அம்மாகிட்ட மறக்காம சொல்லு.

இந்தக் கடிதத்தை எங்க தணிக்கை மேஜர் படிச்சுட்டுத்தான் அனுப்புவார். அவருக்கும் ஈத் வாழ்த்து. ரெண்டு பிஸ்கட் கொடுத்தேன், மூணாவது அவரே எடுத்துக்கிட்டார்.

நாளை மறுநாள் வேலை இருக்கு. அப்புறம் எழுதறேன்.

பயூமி


இஸ்மாயிலியா பக்கம்,
19 டிசம்பர் 1969

மதிப்புக்குரிய இன்ஷிராஹ் அவர்களுக்கு,

தாங்கள் வடிவமைத்த துணி களத்தில் தோற்றுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

விடியற்காலையில் கரையோரம் ஊர்ந்து சென்றோம். கால்வாயின் எதிர்க்கரையிலிருந்து எதிரியின் முதல் குண்டே குறி தப்பாமல் வந்தது. தேடிச் சுடவில்லை, பார்த்துச் சுட்டார்கள். தஸூக்கி என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தான். திரும்பிப் பார்த்தேன். அவனோடு சேர்த்து என் ஆட்கள் ஒன்பது பேரும் மணலில் தனித்தனியாகத் தெரிந்தார்கள், எண்ணிவிடலாம் போல. அப்படித் தெரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இதை உள்ளபடி அறிக்கையாக எழுதி மேலே அனுப்பிவிட்டேன். கமிட்டியிடம் அது போய்ச் சேரும். பிப்ரவரிவரை தாங்கள் காத்திருக்க வேண்டாம்.

தஸூக்கியின் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுத வேண்டும். ரோஜாப்பூவைப் பற்றி அதில் எழுத மாட்டேன்.

லெப்டினன்ட் பயூமி


மஹல்லா,
27 டிசம்பர் 1969

டேய்,

"மதிப்புக்குரிய" ஆ? உனக்கு மூக்குச் சிந்தி விட்டவளுக்கு "மதிப்புக்குரிய" ஆ? செருப்பு பிஞ்சிடும்.

தஸூக்கிக்காக ரெண்டு நாள் அழுதேன். முகம் தெரியாதவனுக்காக. "உள்ள தள்ளிப் போங்க சார்"னு நீ எழுதினது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அழுது முடிச்சாச்சு. இப்ப சண்டை.

என் துணி தோத்துப் போச்சுன்னு எழுதிட்டே. அக்கா துணின்னு கொஞ்சம்கூடத் தயங்கலை. சரி, அது உன் கடமை, நான் குறை சொல்லலை. உண்மையாத் தோத்திருந்தா நானே கமிட்டி முன்னாடி நின்னு "என் தப்பு"ன்னு சொல்லி உருளையை உருக்கச் சொல்லுவேன். ஆனா எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. ஈதுக்கு முன்னாடி நீயே உன் ஆள் மேல தடுக்கி விழுந்தே. ஒரு வாரத்துல அதே துணி, அதே மண்ணு, அதே ஆள். எண்ணிவிடலாம் போலத் தெரிஞ்சுதாம். நடுவுல என்னடா ஆச்சு? துணிக்கு என்ன கால் முளைச்சுதா?

நேத்து மில்லுல அந்த மேனேஜர், எல்லார் முன்னாடியும், "தம்பியே எழுதிட்டானாமே"ன்னார். "ஆமாம் ஐயா, எங்க வீட்டுல பொய் சொல்லிப் பழக்கமில்லை, உங்க வீட்டுல எப்படி?"ன்னேன். அச்சுக்கூடமே சிரிச்சுது. சிரிப்பு போதாது, எனக்கு விடை வேணும்.

தஸூக்கி போட்டிருந்த சட்டையை அனுப்பு. நான் பார்க்கணும். சாயம் போயிருந்தா மில் மேல குத்தம், வடிவம் தப்புன்னா என் மேல குத்தம். யாருன்னு தெரியாம தூங்க மாட்டேன், உன்னையும் தூங்க விட மாட்டேன்.

தணிக்கை மேஜர் ஐயா, இந்தக் கடிதத்துல செருப்பைத் தவிர ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. தயவு செஞ்சு கறுப்பு மை பூசாம விடுங்க.

இன்ஷிராஹ்


இஸ்மாயிலியா பக்கம்,
9 ஜனவரி 1970

அக்கா,

தஸூக்கியை அவன் போட்டிருந்த சட்டையோடதான் அடக்கம் பண்ணினோம். உயிர்த்தியாகம் பண்ணினவனைக் குளிப்பாட்டறதில்லை, உடுப்பு மாத்தறதில்லை. உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டியா? உன் துணியைப் போட்டுக்கிட்டுத்தான் அவன் மண்ணுக்குள்ள இருக்கான், போதுமா?

என் சட்டையை அனுப்பறேன். அன்னைக்கு நானும் அதே மாதிரி ஒண்ணைத்தான் போட்டிருந்தேன், பத்தும் ஒரே டின்னுல ஊறினது. கழட்டினப்புறம் கையால தொடலை. பசங்க எல்லாரும் பழைய காக்கிக்குத் திரும்பிட்டாங்க. உன் துணியைப் போடச் சொன்னா போடுவாங்க, ஆனா என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க.

நடுவுல என்ன ஆச்சுன்னு கேட்டே. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது எல்லாம் அவன் முதுகு. மணல் மஞ்சளா இருந்துச்சு, அவன் வெளுப்பா இருந்தான்.

வேற எதுவும் கேட்காதே. நீ பேசிப் பேசியே ஜெயிக்கிற ஆள். இதுல ஜெயிச்சு என்ன பண்ணப் போறே?

பயூமி


மஹல்லா,
21 ஜனவரி 1970

பயூமி,

உட்கார்ந்து படி.

சட்டை வந்துச்சு. மில்லுக்கு எடுத்துட்டுப் போய் மிச்சம் இருந்த துணித் துண்டோட சேர்த்து வெச்சுப் பார்த்தேன். வடிவம் அப்படியே இருக்கு. சேறும் நிழலும் அப்படியே இருக்கு. மணல் நிறம் மட்டும் மணலா இல்லை. செத்த மீன் வயிறு மாதிரி ஒரு வெளிறின நீலம். எனக்கு உயிரே போயிடுச்சு. சாயம்தான் தப்புன்னு நினைச்சேன். சாயக்கார உஸ்தாத் கூட மல்லுக்கு நின்னேன், அவர் என் மேல வாளியை எறியப் பார்த்தார்.

வீட்டுக்கு எடுத்துட்டு வந்து நாற்காலியில போட்டேன். சட்டை மடங்கலை. விறைச்சுக்கிட்டு உட்கார்ந்துச்சு, விருந்தாளி மாதிரி. ஈரக் கையால தடவினேன், விரல்ல நீலம். அப்ப அம்மா கடந்து போனவ நின்னு பார்த்து, முகமெல்லாம் பூரிச்சு, "பார்த்தியா, நான் அனுப்பின நீலமும் கஞ்சியும்! பையன் என்ன அழகா போட்டிருக்கான்!"ன்னா.

இதுதான்டா. நம்ம ஊர்ல ஈதுன்னா வெளுத்த துணிக்கு நீலம், விறைப்புக்குக் கஞ்சி, மேலே இஸ்திரி. குழந்தையிலேருந்து பழகின பழக்கம், அது இல்லாம பண்டிகை வராது. வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டா வெள்ளை இன்னும் வெள்ளையாகும். மணல் நிறத்துக்குப் போட்டா மணல் செத்துப் போகும். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டா துணி பலகை மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நான் உடைச்ச தோள் கோட்டை மடிப்பு திரும்ப வரைஞ்சுடும். ஜன்னல்ல பூசினா ஊரை மறைக்கிற அதே நீலம், உங்க முதுகுல விளக்கு ஏத்திடுச்சு.

இப்ப நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். "நான்தானே முன்னாடி நின்னு பண்ண வெச்சேன்." அம்மா பொட்டலம் கட்டினா. நான் அதை மெழுகுத் துணியில வெச்சு விரல் கிழியத் தைச்சேன், துணியை வரைஞ்ச நானே! சலவையைப் பத்தி ஒரு வரி எழுதத் தோணலை பார், அதுக்கு என்னை என்ன வேணா சொல்லு. ஆனா ஒண்ணைக் கேளு. தஸூக்கியை நீலம் கொல்லலை, கஞ்சி கொல்லலை, நீ கொல்லலை, நான் கொல்லலை. சுட்டவன் கொன்னான். அவனை விட்டுட்டு அக்காவும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிட்டா அவனுக்கு ரெண்டு தோட்டா மிச்சம். நான் அந்த உதவியைப் பண்ண மாட்டேன்.

கமிட்டிக்கு எழுதினேன். பதில் வந்துச்சு: "போர்க்களப் பிரச்சினையைச் சலவைப் பிரச்சினையாக்க வேண்டாம்." பொம்பளைங்க அடுப்படிப் பேச்சுன்னு நினைச்சுட்டாங்க. சாட்சி வேணும் எனக்கு.

உன் சட்டையைத் திருப்பி அனுப்பறேன். வலது கையை மட்டும் நாலு தண்ணியில அலசி, வெயில்ல காய வெச்சு, உன் டப்பா மண்ணுல பிரட்டி எடுத்திருக்கேன். மத்ததை அம்மா நீலத்தோடயே விட்டிருக்கேன். மேட்டுல போட்டுப் பாரு, உனக்கே தெரியும். மத்தச் சட்டையை எல்லாம் அலசச் சொல்லு, சேத்துல புரட்டச் சொல்லு. பசங்களை அதைப் போட்டுக்கிட்டு அதே இடத்துல நிக்க வெச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு. பிப்ரவரி பதினெட்டாம் தேதி கெய்ரோவில உட்காருறாங்க. அதுக்குள்ள வேணும். இல்லேன்னா உங்க எல்லாருக்கும் மறுபடியும் அந்த இலைத் துணிதான். அதைப் போட்டுக்கிட்டு நீ கரையில ஊர்றதை என்னால நினைச்சுப் பார்க்க முடியலை.

அம்மாகிட்ட முழுசாச் சொல்லலை. "இந்தச் சாயத்துக்கு நீலம் ஆகாதாம்"னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தக் கண்டக்டர் பையன் சட்டைக்கும் என் நீலமா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். அம்மாவை ஏமாத்த முடியுமா? வெள்ளிக்கிழமை காலையில யார்கிட்டயும் சொல்லாம ரயில் ஏறித் தந்தாவுக்குப் போயிட்டு வந்தா. தஸூக்கியோட அம்மாவைப் பார்த்தாளாம். என்ன பேசினாங்கன்னு கேட்டா, அடுப்பைப் பத்த வைக்கப் போயிட்டா.

இன்ஷிராஹ்


இஸ்மாயிலியா பக்கம்,
30 ஜனவரி 1970

அக்காவுக்கு,

நலம். படைவீரர்கள் இருக்கும் படத்தைத் தபாலில் அனுப்ப விதி இடம் தராது. ஆகவே நீ கேட்டபடி செய்ய முடியாது. உன் சட்டையை மட்டும் குச்சியில் மாட்டி ஒரு படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டை நல்லபடியாகக் காய்கிறது. தணிக்கை மேஜர் பார்த்து அனுமதித்துவிட்டார்.

பயூமி


மஹல்லா,
5 பிப்ரவரி 1970

டேய் மண்டூகம்,

என்ன விளையாடறியா? நான் என்ன கேட்டேன், நீ என்ன அனுப்பியிருக்கே? மணல் மேடு, கொஞ்சம் சேறு, நாலு புதர், நடுவுல குச்சியில ஒரு சட்டை. வலது கை தெரியலை, சட்டைக்கு ஒத்தைக் கைதான் இருக்கிற மாதிரி இருக்கு. அது எனக்கு ஜெயம், ஒத்துக்கிறேன், பார்த்ததும் குதிச்சேன். ஆனா கமிட்டிக்கு இது பத்துமா? "கையைப் பின்னால மடக்கி வெச்சு எடுத்திருக்கே"ம்பாங்க. மனுஷன் வேணும்டா, மனுஷன்! தோளும் கழுத்தும் காலும் இருக்கிற மனுஷன்! ஆளே இல்லாத படத்தை வெச்சுக்கிட்டு ஆளை மறைக்கிற துணின்னு எப்படி நிரூபிக்கிறது?

மில்லுல பூதக்கண்ணாடி வெச்சு நூல் எண்ணுறவ நான். அந்தச் சட்டையோட ஒவ்வொரு இழையையும் பார்த்துட்டேன். வேற ஒரு மண்ணும் இல்லை.

விதியாம் விதி. அறிக்கை எழுத மட்டும் கை நீளும்.

இன்ஷிராஹ்


8 பிப்ரவரி 1970

அக்கா,

இது தபால்ல வராது. ஷெஹாத்தா லீவுல வர்றான், அவன் சட்டைக்குள்ள வெச்சு அனுப்பறேன். சாப்பாடு போட்டு அனுப்பு, எங்க பிரிவுல இவன்தான் பெரிய தீனி.

உன் கடிதத்தைப் பசங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். "வேற ஒரு மண்ணும் இல்லை"ங்கிற இடத்துல ஷெஹாத்தா தரையில விழுந்து புரண்டான். ஏன்னு கேக்கறியா? படத்துல குச்சிக்கு இடப்பக்கம் மூணாவது புதர் இருக்கே, அது புதர் இல்லை. அது ஷெஹாத்தா.

ஒன்பது பேரும் படத்துல இருக்கோம், அக்கா. நானும்தான், கிடங்குல மிச்சம் இருந்த ஒரு சட்டையில. உன் துணியை அலசி, சேத்துல புரட்டி, வெயில்ல போட்டு, திரும்பப் போட்டுக்கிட்டு, மேட்டுல இருக்கோம். சிலர் படுத்து, சிலர் குந்தி, ரெண்டு பேர் நின்னுக்கிட்டே. பக்கத்துப் பிரிவுக்காரன்தான் படம் எடுத்தான். "எதை எடுக்கணும்?"னு கேட்டான். "சட்டையை"ன்னோம். எடுத்துட்டு, "நீங்க எல்லாம் எங்கே போயிட்டீங்க?"ன்னு கூப்பிட்டான்.

மேஜர்கிட்ட நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்யா, துவைச்ச சட்டையை எல்லாம் படம் பிடிச்சு அனுப்பறீங்க, உங்களுக்கு வேலை இல்லையா?"ன்னார். "எங்க அக்கா துணிக்காரி, ஐயா, எப்படிக் காயுதுன்னு பார்க்கணுமாம்." ஆள் இருக்கிற படமா, கருவி இருக்கிற படமான்னு தேடுறதுதான் அவர் தொழில், அதுக்குத்தான் சம்பளம். பார்த்துட்டுப் பின்னாடி தன் கைப்பட எழுதி முத்திரை குத்தினார். படத்தைத் திருப்பிப் பாரு. நீ பார்த்திருக்க மாட்டே, உனக்கு முன்பக்கத்தைத் திட்டறதுக்கே நேரம் சரியாப் போயிருக்கும்.

அதைக் கமிட்டி மேசையில போடு. விதியை மீறினதுக்கு என்னைக் கேட்பாங்க. கேக்கட்டும். இத்தோட என் ரெண்டாவது அறிக்கையும் இருக்கு. முதல் அறிக்கையில நான் பார்த்ததை எழுதினேன், இதுல ஏன் அப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கேன். டின்னு, நீலம், கஞ்சி, இஸ்திரி, யார் உத்தரவு, எல்லாம். கீழே என் கையெழுத்து. ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்காதே.

சுட்டவன்தான் கொன்னான்னு எழுதினே. பகல்ல நம்பறேன். மத்த நேரத்துல முடியலை. இருந்தாலும் நீ எழுதினதை மடிச்சுப் பையில வெச்சிருக்கேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துவைக்கப் போறதில்லைன்னு பசங்க முடிவு பண்ணிட்டாங்க. அழுக்கோடயே தொழுவோம். ஆண்டவன் எங்களைக் கண்டுபிடிச்சுப்பான், மத்தவன் கண்டுபிடிக்கக் கூடாது.

பயூமி


மஹல்லா,
20 பிப்ரவரி 1970

என் தம்பி பயூமிக்கு,

போனேன். மேனேஜர் வரலைன்னுட்டார், வயித்து வலியாம். நான் மட்டும் போனேன். அதே அறை, அதே பச்சைக் கம்பளம், அதே கர்னல்.

உன் முதல் அறிக்கையைச் சத்தமா வாசிச்சாங்க. நின்னுக்கிட்டே கேட்டேன். "பதில் என்னம்மா?"ன்னார். படத்தை மேசையில வெச்சேன். எல்லாரும் குனிஞ்சாங்க. "இது என்ன, சட்டை?" "ஆமாம் ஐயா." "ஏன் ஒரு கை வெட்டியிருக்கு?" "வெட்டலை ஐயா. அந்தக் கையில நீலம் இல்லை." ஓரத்துல இருந்த ஒருத்தர் சிரிச்சார். "மறுபடியும் சலவையா? இதுல ஆள் எங்கே?"

"ஒன்பது பேர் இருக்காங்க"ன்னேன்.

கர்னல் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், மாட்டினார். என் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அதோட படத்தைத் திருப்பியும் வெச்சேன். மேஜர் ஐயாவோட அழகான கையெழுத்துல, முத்திரையோட இருக்கு: "சட்டை ஒன்று. வேறு எதுவும் இல்லை. ஆட்சேபம் இல்லை."

கர்னல் தேடினார், எவ்வளவு நேரம்னு நான் பார்க்கலை, டீ வந்து ஆறிப்போச்சு. ஒரு மூக்கைக் கண்டுபிடிச்சார், சின்னப் பிள்ளை மாதிரி "இதோ!"ன்னு கத்தினார். அது ஷெஹாத்தா மூக்கு, அதை எந்தத் துணியாலயும் மறைக்க முடியாது. எல்லாருமாச் சேர்ந்து ஆறு பேரைப் பிடிச்சாங்க. முகத்தையும் பூட்ஸையும் வெச்சுத்தான், துணியை வெச்சு ஒருத்தரையும் பிடிக்கலை. கடைசியில நிமிர்ந்து, "இந்தத் தணிக்கை அதிகாரியைக் கைது பண்ணணும்"னார்.

"பண்ணுங்க ஐயா. துணியை மட்டும் விடுதலை பண்ணிடுங்க"ன்னேன்.

யாரும் சிரிக்கலை. அப்புறம் அவரே சிரிச்சார். உன் ரெண்டாவது அறிக்கையை வாசிச்சாங்க, அதுக்கு அப்புறம் மறுபடியும் யாரும் சிரிக்கலை. நீ சொன்னபடி ஒரு வார்த்தை குறைக்காமக் கொடுத்தேன். உன் மேல நடவடிக்கை உண்டாம், ஒரு மாசம் லீவு கிடையாது. மேஜர் ஐயாவுக்கு ஓலை போகுமாம், அவரை நினைச்சா பாவமா இருக்கு, அவருக்குப் பிஸ்கட் அனுப்பறேன். துணி நிலைச்சிருச்சு, பயூமி. படை முழுக்க. ஒவ்வொரு சட்டைக் காலருக்கு உள்ளேயும் அச்சடிச்சு வரும்: "நீலம் கூடாது, கஞ்சி கூடாது, இஸ்திரி கூடாது." அதை எழுதினது நான். "தயவு செய்து"ன்னு சேர்க்கச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தை அம்மாகிட்ட கொடுத்தேன். "என் பையன் எங்கே?"ன்னா. தெரியலைன்னேன். நிஜமாவே தெரியலைடா. அந்த உருளையோட ஒவ்வொரு இதழும் எனக்கு மனப்பாடம், ரயில்ல வர்ற வழியெல்லாம் தேடினேன். கண்டுபிடிச்ச ஆறு பேர்ல நீ இல்லை. தஸூக்கியை மட்டும் தேடலை.

அம்மா ஜன்னல்கிட்ட எடுத்துட்டுப் போனா, நீலக் கண்ணாடி, சரியாத் தெரியலை. கதவைத் திறந்து வெளிச்சத்துல பிடிச்சா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கட்டை விரலால அந்தச் சட்டையை மறைச்சுக்கிட்டு, படம் முழுக்க முத்தம் கொடுத்தா. மேடு, சேறு, புதர், ஓரத்துல இருக்கிற கல்லு, ஒரு இடத்தை விடலை.

நீ எங்கே நின்னேன்னு எழுதிடாதே.

அக்கா
இன்ஷிராஹ்